கடல் கடந்த தொழிலாளரும் கள்ளக் குடியேற்ற விவாதமும்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் கடல் ஏறக்குறைய 20 மைல் அகலமே உடையது. வணிகரும் யாத்திரிகரும் மீனவரும் நெடுங்காலமாக அதனைக் கடந்து போக்குவரவு செய்துவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இக்கடல்வழி பெருந்தொகையான உழைப்பாளரை மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லும் வழியாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ அதே வழி போர்ப்படையாற் காவல் செய்யப்படும் எல்லையாயிற்று. ஒரு தலைமுறையினரை அரசாங்கமே அழைத்து வந்தது. அடுத்த தலைமுறையினர் தாம் கள்ளமாய் வந்தவரல்லர் என்று எழுத்துச் சான்று காட்டவேண்டிய நிலைக்கு உள்ளாயினர். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனையொட்டி எழுந்த அரசியல் விவாதத்தில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வருகையின் தொடக்கம்

1820களிலே கண்டிப் பகுதியில் கோப்பிச் செய்கை தொடங்கியது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் அதனை ஊக்குவித்தார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தமையும், 1835இலே பிரித்தானியாவில் இறக்குமதித் தீர்வை சமப்படுத்தப்பட்டமையும் இலங்கைக் கோப்பிக்குப் பெருவாய்ப்பை அளித்தன. காடுகள் வெட்டப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உறுதியற்ற நிலங்களை அரசாங்கம் தன்னுடையனவாக்கித் தோட்டத்துரைமாருக்கு விற்க வழிசெய்தது.

நிலம் கிடைத்தது, உழைப்பாளர் கிடைத்திலர். தமக்கென வயலும் சேனையும் உடைய கண்டிக் குடியானவர், தோட்டத்திலே தங்கி நாட்கூலிக்கு உழைக்க விரும்பவில்லை. அதனை அவர்தம் சோம்பல் என்று கூறிய துரைமார் பலர். உண்மையில் அது நிலமுடையோன் ஒருவனின் இயல்பான தெரிவேயாகும். மறுகரையிலோ, வறட்சியும் பஞ்சமும் நிலவரிச் சுமையும் சாதிக் கொடுமையும் நிலமற்ற உழவரை வருத்தின. ஆகவே, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வரலாயினர். கோப்பி பறிக்குங் காலத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவதே முதலில் வழக்கமாயிருந்தது. மன்னாரிலே கரையிறங்கி, நீரற்ற காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர்.

இவ்விடத்தில் ஒரு செய்தி நோக்கற்பாலது. இந்திய அரசாங்கம் 1839ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒப்பந்தக் கூலிகள் கடல் கடந்து செல்வதைத் தடைசெய்திருந்தது. இலங்கைக்குச் செல்வோருக்கு அத்தடை 1847ஆம் ஆண்டுச் சட்டத்தாலேதான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கானோர் வந்துகொண்டேயிருந்தனர். அன்று அவர்களைக் கள்ளக் குடியேறிகள் என்று எவரும் பழித்திலர். கோப்பி பறிக்க அவர்கள் வேண்டப்பட்டனர்.

கங்காணியும் துண்டும்

ஆட்சேர்ப்புக் கங்காணியின் கையில் இருந்தது. அவன் துரையிடம் முற்பணம் பெற்று, தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தான். வழிச்செலவு முழுவதும் தொழிலாளியின் கடனாகவே எழுதப்பட்டது. கடனைத் தீர்த்தாலன்றித் தோட்டம் மாறல் இயலாது. இக்கடன்தொகையைக் குறித்துக் கொடுக்கப்பட்ட சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. துண்டில்லாதவனை வேறு தோட்டத்தார் சேர்க்கமாட்டார். துண்டிலே கண்ட கடனைக் கொடுப்பவரே அவனைப் பெறலாம். 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமோ, அறிவித்தல் கொடாது வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிடவும் இடமளித்தது.

1869இலே தோன்றிய இலைநோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளுட் கோப்பியை அழித்தொழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1867இலே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலையே இப்பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. ஆகவே பருவத்துக்கு வந்துபோகும் ஆள் போதாது. குடும்பமாய்த் தங்கும் ஆள் வேண்டும். பெண்களின் உழைப்பே தேயிலைக்கு முதன்மையாயிற்று. லயங்களிலே பிள்ளைகள் பிறந்தனர், கோயில்கள் எழுந்தன, இறந்தோர் அம்மண்ணிலேயே அடக்கம் பெற்றனர். வந்துபோனோர் இவ்வாறு வாழ்வோராயினர். இவ்வுண்மையைப் பின்வந்த அரசியல் விவாதம் பெரும்பாலும் மறந்துவிட்டது.

அரசாங்கமும் இவ்வருகையை முறைப்படுத்திற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரத்துண்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத்தைத் தொழிலாளி தன்னுடன் கொண்டு பயணஞ் செய்தான். 1904இலே திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றைத் துரைமார் நிறுவினர். 1914இலே பாம்பன் பாலமும், தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கின. இந்திய மண்ணிலே உள்ள மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே ஒரு முகாமை நடத்தி, வருவோரைச் சில நாட்கள் தடுத்துவைத்து நோய்ச் சோதனை செய்து அனுப்பியது. துண்டு முறை 1921இலே ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டம் ஆட்சேர்ப்பைக் கட்டுப்படுத்தியது. இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியிலே அமர்ந்தார். 1927ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆகக் குறைந்த சம்பளத்துக்கு வழிவகுத்தது. இவை யாவற்றிலும் தொழிலாளி அரசாங்கத்தின் கண்காணிப்பிலே, அதன் பதிவேட்டினூடாகவே வந்தான் என்பது தெளிவு.

வாக்குரிமையும் அச்சமும்

விவாதம் கடுமையடைந்தது, உழைக்க வந்தவனுக்கு வாக்கு உண்டா என்ற கேள்வி எழுந்தபோதேயாம். டொனமூர் ஆணைக்குழுவினர் சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தனர். மலைநாட்டுத் தொகுதிகளைத் தோட்டத் தமிழர் கைப்பற்றிவிடுவர் என்று சிங்களத் தலைவர்கள், சிறப்பாகக் கண்டித் தலைவர்கள், அஞ்சினர். அவர்தம் அச்சத்தை வெறும் பகைமை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. தம் முன்னோர் காடும் மேய்ச்சல் நிலமும் தோட்டங்களாகியதைக் கண்ட குடியானவருக்கு, அத்தோட்டத்திலே வாழ்வோன் வாக்கும் பெறுவது இரண்டாம் இழப்பாகவே தோன்றியது. ஆயினும் நிலத்தை விற்றவர் அரசாங்கத்தார், வாங்கியவர் துரைமார். லயத்து அறையொன்றும் தனக்குச் சொந்தமில்லாத தொழிலாளியே அக்குறைக்குப் பொறுப்பாளி ஆக்கப்பட்டான்.

முடிவிலே, வதிவிடத் தகுதி முதலிய நிபந்தனைகளுடன் 1931ஆம் ஆண்டின் தேர்தல் நடைபெற்றது. அவ்வாண்டில் ஏறக்குறைய 1 இலட்சமாயிருந்த இந்திய வாக்காளர் தொகை 1939இலே ஏறக்குறைய 2 இலட்சத்து 25 ஆயிரமாயிற்று. இதற்கிடையிலே உலகப் பொருளாதார மந்தம் வேலையின்மையைப் பெருக்கியது. குடிவரவே அதற்குக் காரணம் என்ற குரல் எழுந்தது. இதனை விசாரித்த சேர் எட்வேட் ஜாக்சன் 1938இலே வெளியிட்ட அறிக்கை, தோட்டக் குடிவரவு உள்நாட்டவரின் தொழிலைப் பறித்தது என்னும் கூற்றுக்கு ஆதரவு அளிக்கவில்லை. அறிக்கை கூறியது ஒன்று. அரசியல் சென்ற வழி வேறொன்று. 1939இலே அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை விலக்கித் திருப்பியனுப்பும் திட்டம் வந்தது. அதனை எதிர்த்து, 1939 ஆகத்து 1 முதல் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. அவ்வாண்டு யூலையிலே ஜவாஹர்லால் நேரு இங்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் திறந்திருந்த வாயில் இவ்வாறு இந்தியாவாலேயே மூடப்பட்டது. அன்றுமுதல் புதிதாக வேலைதேடி வருவோனுக்குச் சட்டவழி அரிதாயிற்று. வழி அடைபட்டபின் இரவிலே தோணியேறுவோன் தோன்றுதல் எந்நாட்டிலும் காணப்படும் நிகழ்வேயாகும்.

சட்டம் வகுத்த கோடு

சுதந்திரத்தின்பின் மூன்று சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தமையையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமையையோ பிரசாவுரிமைக்கு அடிப்படையாக்கியது. பிறப்புப் பதிவு செவ்வையாக நடைபெறாத தோட்டங்களிலே இதனை நிறுவுதல் பெரும்பாலோர்க்கு இயலாததாயிற்று. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்து, கடல்வழிப் போக்குவரவைக் கடவுச்சீட்டுக்கும் அனுமதிச்சீட்டுக்கும் உட்படுத்தியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் வதிந்திருந்தால் பதிவுமூலம் பிரசாவுரிமை பெறலாம் என விதித்தது. பின்னர்த் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டு, பிரசைகளல்லாதார் வாக்கிழந்தனர். 1947இலே 7 பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952இலே ஒருவரையும் அனுப்ப இயலவில்லை.

தமிழ்த் தலைவர்களும் இவ்விடயத்தில் ஒருமித்து நின்றாரல்லர். ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தாராயினும், பின்னர் அமைச்சரவையிற் சேர்ந்து 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்து 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியை நிறுவினார். இடதுசாரிக் கட்சிகளும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை வன்மையாகக் கண்டித்தன. சட்டங்களின் வலுவை எதிர்த்த வழக்கொன்று கோமறைக் கழகம் வரை சென்று 1953இலே தோல்வியுற்றது.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 8 இலட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் இடப்பட்டன. அவர்களுள் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். எஞ்சியோர் கள்ளமாய் வந்தாரல்லர். அவர்களுட் பெரும்பாலார் வந்தது சட்டப்படியே; அவர்களிடம் இல்லாதது அச்சட்டம் வேண்டிய காகிதம்.

கரையோரக் காவலும் தொகை விவாதமும்

கள்ளக் குடியேற்றம் முற்றிலும் கற்பனை என்று கூறுதலும் பொருந்தாது. மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் இரவில் ஆட்களை இறக்கிச் சென்ற தோணிகள் உண்டு. அதனைத் தொழிலாகக் கொண்டோரும் உண்டு. துணியும் பிற பண்டங்களும் அவ்வழியே கடத்தப்பட்டன. 1952 முதல் பொலிசாருக்கும் கடற்படைக்கும் துணையாக இராணுவம் ‘மொண்டி’ என்னும் நடவடிக்கையில் ஈடுபடுத்தப்பட்டது. 1963இலே அது விரிவாக்கப்பட்டுக் கள்ளக் குடியேற்றத் தடுப்புக்கான தனிப்படையாகி, 1981 வரை நிலவியது. புதிதாகத் தோன்றிய இலங்கை இராணுவம் வடபகுதிக் கரையிலே நிலைகொண்டதற்கு இதுவே முதற் காரணமாயிற்று.

வந்தவர் தொகை எவ்வளவு என்பதே பெருவிவாதம். அரசியல் மேடைகளில் இலட்சக்கணக்கிலே பேசப்பட்டது. குடிசன மதிப்பைக் கொண்டு நாமே ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். 1946இலே இந்தியத் தமிழர் 780,589 பேர். 1953இலே 974,098 பேர். பெருக்கம் 193,509, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 24.8. இத்தொகையைத் தனியே காண்போர் மருளுதல் இயல்பே. ஆனால் அதே காலத்தில் இலங்கையின் மொத்தக் குடிசனமும் 6,657,339இலிருந்து 8,097,895ஆக, நூற்றுக்கு ஏறக்குறைய 21.6 பெருகியது. மலேரியா ஒழிப்பால் இறப்பு வீதம் வீழ்ந்த காலம் அது. நாட்டின் பொதுப் பெருக்க வீதத்தையே தோட்டத் தமிழருக்கும் கொண்டால், மிகையாய் நிற்பது ஏறக்குறைய 25 ஆயிரமேயாகும். பிறப்பு இறப்பு வீதங்கள் பிரிவுக்குப் பிரிவு வேறுபடும். சட்டப்படி ஊர்சென்று மீண்டோரும் உளர். மறைந்து வந்தோர் கணக்கெடுப்பிலும் மறைந்திருக்கலாம். ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் தகாது. எனினும், பெருக்கத்தின் பெரும்பகுதி தோணியிலே வந்ததன்று, லயங்களிலே பிறந்ததே என்பதைக் காட்ட இக்கணக்குப் போதும்.

1954 சனவரி 18இலே புதுதில்லியில் நேருவும் சேர் யோன் கொத்தலாவலையும் ஒப்பந்தம் செய்தனர். அதன் முதற் பகுதி கள்ளக் குடியேற்றத்தைப் பற்றியதேயாகும். வயது வந்தோரின் பதிவேடு ஒன்று ஆயத்தஞ் செய்யப்படும். அது முடிவுற்றபின், பதியப்படாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின், அவர் இந்தியாவிலிருந்து கள்ளமாய்க் குடியேறியவர் என அனுமானிக்கப்படுவார் என்று இணங்கப்பட்டது. தான் கள்ளமாய் வந்திலேன் என நிறுவும் பொறுப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேற் சுமத்தும் சட்டத்துக்கும் இடமளிக்கப்பட்டது. ஒருவன் பேசும் மொழியே அவன்மீது ஐயம் கொள்ளற்குக் காரணமாகலாம் என்ற கருத்து இவ்வாறு இரு அரசாங்கங்களின் உடன்படிக்கையிலே இடம்பெற்றது. அக்காலத்திற் பரவிய ‘கள்ளத்தோணி’ என்னும் சொல், தோணியிலே வந்தவனை மட்டும் குறித்துநின்றிலது. மூன்று தலைமுறையாய்த் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவனையும் அது சுட்டியது. யாழ்ப்பாணத்தவராகிய நாமும் அச்சொல்லை வாய்கூசாது வழங்கினோம் என்பதை மறைத்தலாகாது. பின்னாளிலே அதே சொல் வடபகுதித் தமிழர் மீதும் எறியப்பட்டது.

ஒப்பு நோக்கு

இத்தகைய வரலாறு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1942இலே மெக்சிக்கோவுடன் ஒப்பந்தஞ் செய்து, பண்ணை வேலைக்கு ஆட்களைத் தருவித்தன. 1964 வரை நீடித்த அத்திட்டத்தின்கீழ் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஒப்பந்தம் பெற்றவனும் பெறாது எல்லை கடந்தவனும் அருகருகே பருத்தி பறித்தனர். 1952ஆம் ஆண்டுச் சட்டம், கள்ளமாய் வந்தவனுக்குப் புகலிடம் அளித்தலைக் குற்றமாக்கியபோது, அவனை வேலைக்கு அமர்த்துதல் புகலிடம் அளித்தலாகாது என்று பண்ணையாருக்கு விலக்களித்தது. 1954இலே, நேரு-கொத்தலாவலை ஒப்பந்தம் எழுந்த அதே ஆண்டில், அந்நாடு மெக்சிக்கரைப் பெருந்தொகையாகப் பிடித்து நாடுகடத்தியது. அங்கும் இங்கும் தண்டனை உழைத்தவனுக்கே. அவ்வுழைப்பாற் பயன்பெற்றவன் எல்லைக் காவலரின் கண்ணுக்குத் தெரியாதவனாயினான்.

தீர்வும் அதன் விலையும்

1964 ஒக்டோபர் 30இலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றோர் தொகையை 975,000 எனக் கொண்டது. கள்ளமாய்க் குடியேறினோரும் இந்தியக் கடவுச்சீட்டு உடையோரும் இத்தொகையிற் சேரார் என்று அவ்வொப்பந்தமே கூறியது. கள்ளக் குடியேற்றம் வேறு, தோட்ட மக்களின் குடியுரிமைப் பிரச்சினை வேறு என்பதை அரசாங்கங்களே இவ்வாறு ஏற்றுக்கொண்டன. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென இணங்கப்பட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இலே சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அம்மக்களின் கருத்தை எவரும் கேட்டிலர். விண்ணப்பங்கள் அழைக்கப்பட்டபோது இந்தியக் குடியுரிமை வேண்டினோர் ஒதுக்கப்பட்ட தொகையிலும் குறைந்தனர். இலங்கைக் குடியுரிமை வேண்டினோர் 300,000இன் இரு மடங்குக்கு மேற்பட்டனர். தாம் எந்நாட்டவர் என்பதை அவர்கள் தாமே கூறினர்; ஒப்பந்தத்தின் கணக்கு வேறாயிருந்தது.

இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமான கப்பல் 1984 வரை குடும்பங்களைப் பிரித்துக்கொண்டு சென்றது. 1971இலே 11 இலட்சத்து 74 ஆயிரத்துக்கு மேலிருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இலே 818,656ஆகக் குறைந்தது. எஞ்சியோர்க்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் பிரசாவுரிமை அளித்தன. 1948இலே எடுக்கப்பட்ட ஒரு முடிவைச் சீர்செய்ய 55 ஆண்டுகள் வேண்டியிருந்தன. இதற்கிடையே 1983இன் பின் தோணிகள் எதிர்த்திசையிற் சென்றன. இலங்கை செல்லும் தொழிலாளரை ஒருகாலத்தில் தடுத்துவைத்த மண்டபம் முகாம், இலங்கையிலிருந்து ஓடிவந்த அகதிகளின் முகாமாயிற்று. அவர்களுள் மலையகத்தாரும் பலர். அவர்தம் பிள்ளைகள் அங்கும் சட்டத்துக்கு மாறாக வந்தோராகவே எண்ணப்பட்டனர்.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்துவன சில. தன் எல்லையைக் காத்தல் ஓர் அரசின் கடமை. அதனை மறுப்பார் இலர். ஆயின், எல்லையைக் கடந்து இன்று வருவோனையும், அரசே அழைக்க முன்னொருநாள் வந்து வேரூன்றியவனையும் ஒரே பெயரால் அழைத்தல் காவலாகாது. உழைப்பை வேண்டி வாயிலைத் திறந்தவர், உழைத்தவனின் உரிமை பற்றிய பேச்சு எழுந்தவுடன் அவன் எவ்வாறு வந்தான் என்று வினவுதல் நீதியுமாகாது. தொகையைப் பற்றிய அச்சம் கணக்கினாலே சோதிக்கப்படாதவிடத்து அது சட்டமாக உருப்பெற்றுவிடும். சட்டமான பின் அதனை நீக்கத் தலைமுறைகள் வேண்டும்.

மலையகத் தோட்டங்களின் பழைய செக்றோல் புத்தகங்களும் பிறப்புப் பதிவுகளும் கங்காணிமாரின் கடன் கணக்குகளும் ஆண்டுதோறும் அழிந்துவருகின்றன. கப்பலேறிய நாளை நினைவுகூரும் முதியோரும் அருகி வருகின்றனர். வரலாறு பயிலும் நம் மாணவர் அவற்றைத் தேடித் தொகுப்பாராயின், எழுத்துச் சான்று இல்லையென்று ஒருகாலத்தில் உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு அச்சான்றைக் காலந்தாழ்த்தியேனும் தேடித் தந்தவராவர்.